சூடேற்றிய பின்

ஆய்வகத் திரையில் இரண்டு படங்கள் ஒளிர்கின்றன. முதல் படத்தில், படிக ஒழுங்கற்ற சிலிக்கான் படலத்தில் மிக நுண்ணிய வெற்றிடங்கள் சிதறிக் கிடக்கின்றன. சூடேற்றினால் அவை மூடிக்கொள்ளும் என்று ஜெனிலா நம்பியிருந்தாள். இரண்டாம் படத்தில் ஒன்றும் மூடவில்லை; படலத்துக்குள் இருந்த ஹைட்ரஜன் வெளியேறி, சிறியவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருக்கின்றன. காதில் செல்பேசி, குளச்சலிலிருந்து அம்மா இசபெல் பேசுகிறாள். வள்ளத்தில் கடலுக்கு மீன்பிடிக்கப் போன அப்பா ததேயுஸின் உடல் கிடைக்கவேயில்லை. அப்படிப்பட்டவருக்கு அவரது சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது ஊர் வழக்கம். இத்தனை நாளும் வேண்டாமென்று தடுத்தவள் ஜெனிலாதான். “மக்கா, நீ சரின்னு சொன்னாத்தான் பங்குச் சாமியார்ட்ட பேசுவேன். கிறிஸ்மசுக்கு எடுத்த சட்டைய வைக்கட்டா?” ஏசி இரைகிறது. திரையின் வெளிச்சம் அவள் விரல்களில் நீலமாக விழுகிறது. “அது அப்பாவுக்குக் கழுத்துல இறுக்கும். பழைய கட்டம்போட்டத வையும்மா.”