நாலு அவுன்ஸ் சக்தி

மகாவலிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடியிலே, தொட்டாலே ஆள் பறக்கிற ஒரு மாஸ்டர் இருந்தாராம். எந்தக் காலத்தில் என்று கேட்காதீங்க, இப்பவும் இருக்கார். பேர் சேதுராமன்.

"சீனத்து தாய்ச்சி வித்தையில பலம்ங்கிறது கெட்ட வார்த்தை. நாலு அவுன்ஸ் போதும், ஆயிரம் றாத்தல் நகரும்," என்பார். சொல்லிக்கொண்டே, மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் கலாராணியின் முழங்கையை விரலால் தொடுவார். அவள் ஐந்து அடி பின்னால் போய் மெத்தையில் விழுவாள். மற்றப் பதினொரு மாணவர்களும் அப்படித்தான். குரு தொட்டும் நின்றுகொண்டிருந்தால் மரியாதையா இருக்குமா?

கண்டி பஸ் நெரிசலில் மட்டும் அந்தச் சக்தி வேலை செய்யாது. பஸ்ஸில் வருகிறவர்கள் அவரிடம் படிக்கவில்லை.

போன ஞாயிறு காலை, கலகெதரையில் இதே வகுப்பு நடத்தும் பாரூக் மாஸ்டர் வந்து நின்றார். கூடவே அவருடைய மாணவர்கள் எட்டுப் பேர்.

"கை தள்ளிப் பார்ப்பமா, மாஸ்டர்? கால் நகர்ந்தவர் தோத்தவர்."

"இன்னைக்கு எனக்கு இடுப்பு கொஞ்சம் சரியில்ல, பாரூக் நானா..."

"இதுக்குத்தான் பலமே வேணாமே, மாஸ்டர்," என்றாள் கலாராணி, பெருமையாக.

சேதுராமன் எதிரே நின்றவரை மேலும் கீழும் அளந்தார். பாரூக் இருநூறு றாத்தலுக்குக் குறையமாட்டார். தொட்டும் அவர் அசையாமல் நின்றால், பன்னிரண்டு பேரும் அடுத்த வாரமே கலகெதர பஸ் ஏறிவிடுவார்கள்.

மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்தார்கள். சேதுராமன் கண்ணை மூடினார். தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுத் தொட்டார்.

தடாரென்று சத்தம். கண்ணைத் திறந்தால், பாரூக் மெத்தையையும் தாண்டிச் சுவரோரம் கிடந்தார்.

மாடி அதிரக் கைதட்டல். கலகெதர ஆட்கள் எட்டுப் பேரும் வாயைப் பிளந்தார்கள். சேதுராமன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்ப, நெசமாவே இருக்கா?

கைகொடுத்துத் தூக்கும்போது மெல்லக் கேட்டார்: "பலமாப் பட்டிருச்சா, நானா?"

பாரூக் காதோடு சொன்னார்: "ஒண்டும் படல்ல. நான் விழாம நிண்டா இந்த வித்தையே பொய்யெண்டு போயிரும். பொறகு என்ட புள்ளயள் எனக்கு விழுமா? வாற ஞாயிறு கலகெதரைக்கு வாங்க, உங்கட முறை. அங்க சீமெந்துத் தரை, பாத்து விழுங்க."

முஷ்டியை உள்ளங்கையில் பொத்தி முறைப்படி மரியாதை செய்துவிட்டு, எட்டுப் பேரையும் முன்னால் விட்டு, பாரூக் மாஸ்டர் படியிறங்கிப் போனார்.