துளையில்லாச் செடிப்பெட்டி

2023ஆம் ஆண்டு ஜூன் பதினேழாம் நாள், சனிக்கிழமை. தக்கலையில் விடியலில் தொடங்கிய சாரல் பிற்பகல்வரை விடவில்லை. அதனால் மொட்டைமாடியில் நடக்கவேண்டிய வேலை கார் ஷெட்டுக்குள் நடந்தது.

மாடித்தோட்டத்துக்காக ஷைஜா மூன்று அயினிமரப் பலகைப் பெட்டிகள் செய்யச் சொல்லி வாங்கியிருந்தாள். மழையில் அவை உளுத்துப்போகாமலிருக்க, இடுக்குகளை அடைத்து எண்ணெய் பூசவேண்டும். அதற்கு அவள் அழைத்திருந்தவர் பெயிண்டர் அல்லர், கடியப்பட்டணத்து ததேயுஸ். வள்ளங்களின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி அடைப்பவர். கலப்பத்து என்பார்கள் அந்த வேலையை.

மாமியார் நேசபாய்க்கு இது பிடிக்கவில்லை.

“ஏட்டி, ஒனக்கு வேற ஆளே கிட்டலியா? வள்ளத்த முக்குனவன் செடியையும் முக்குவான்.”

ஷெட்டுக்குக் கேட்கும்படியே சொன்னார். ததேயுஸ் நிமிரவில்லை.

நேசபாய் சொன்னதில் பாதி உண்மை. முந்தின ஆண்டு ததேயுஸ் கலப்பத்து அடித்த வள்ளம் ஒன்று நீரேறி மூழ்கியது. பாறையில் உரசியதா, அடைப்பு விட்டதா என்று எவரும் ஆராயவில்லை. வள்ளத்தில் இருந்த இருவரும் கரையேறினர். ததேயுஸின் பெயர் கரையேறவில்லை.

முதலில் பிறர் அவரை அழைக்காமலாயினர். பிறகு, அழைத்தாலும் அவரே போகாமலானார். தம் கையைத் தாமே நம்ப முடியவில்லை என்றாராம். தெருவில் மீன் விற்க வரும் அவர் மனைவி பிலோமினா, ஒருநாள் சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே ஷைஜாவிடம் இதைச் சொல்லி அழுதிருந்தாள். செடிப்பெட்டிதானே, ஒழுகினாலும் ஆள் முங்காது என்று சொல்லித்தான் அவரை இங்கே அனுப்பிவைக்கப் பிலோமினாவால் முடிந்தது.

ஷைஜா ததேயுஸிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“ஒரு சொட்டுகூட ஒழுகப்பிடாது அண்ணே.”

அவர் ஒவ்வோர் இடுக்கையும் விரலால் தடவித் தடவி அடைத்தார். அடைத்ததை ஓரிடத்தில் தோண்டியெடுத்து மறுபடியும் அடைத்தார். கஞ்சி குடிக்க அழைத்தபோது, குங்கிலியம் ஆறிவிடும் என்று வர மறுத்துவிட்டார். ஒரு செடிப்பெட்டிக்கு இத்தனை பாடா என்று நேசபாய் வாசற்படியில் நின்று வியந்தார். பிறகு அவரே கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அடைப்பு இறுகியதும் பெட்டிகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, விளிம்புவரை நீர் நிரப்பச் சொன்னாள் ஷைஜா. எண்ணெய் பூசுமுன் பார்த்துவிடவேண்டுமாம்.

நீர் நிரம்பியது. ததேயுஸ் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் கேட் அருகே போய் நின்றார். அவருக்குக் கொண்டுவைத்த தேநீர் ஆறிற்று. அவர் திரும்பவில்லை.

“நான் பாக்கல்ல மக்கா. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க.”

சாரல் நின்று வெயில் வந்த பிறகு, குனிந்து பார்த்தவர் நேசபாய். மூட்டுவலிக்காரர் தரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையால் முந்தானையைப் பெட்டியின் அடியில் நுழைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்தார். பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி.

“ஏலே ததேயுசு, இஞ்ச வா. ஒரு சொட்டு இல்ல.”

அவர் வந்து உட்கார்ந்தார். பெட்டியின் அடியில் உள்ளங்கையை நீட்டி வெகுநேரம் வைத்திருந்தார். எடுத்தபோது அது காய்ந்திருந்தது. ஆயினும் அதைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

“திங்களாழ்ச்ச வந்து வெளிப்பக்கம் முந்திரித்தோட்டு எண்ணெ பூசுதேன்” என்றார். “வேற வல்லதும் செய்யணுமா?”

நேசபாயின் பார்வை பெட்டியின் அடிப்பலகையில் நின்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; ஷைஜா முந்திக்கொண்டாள்.

“ஒண்ணும் வேண்டாம் அண்ணே. எல்லாம் சரியாட்டு இருக்கு.”

ததேயுஸ் தெருமுனை திரும்பும்வரை நேசபாய் பொறுத்திருந்தார்.

“ஏட்டி, தண்ணி வடியத் தொளை இல்லாம செடி வச்சா வேரு அழுகும்னு ஊரூராப் போயி கிளாசு எடுக்குதவ நீ. தோட்டக்கலை ஆபீசரு வீட்டுப் பெட்டியில ஒத்தத் தொளையக் காணல்ல. அவனுக்குத்தான் தெரியல்ல. நீ மறந்துட்டியா?”

“மறக்கல்ல மாமி. தொளை போட்டிருந்தா, ஒழுகலேன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?”



திங்களன்று ததேயுஸ் வந்து எண்ணெய் பூசிச் சென்றார். பெட்டிகள் துளையில்லாமல் வெறுமையாகவே இருந்தன. செடிகள் நாற்றுப்பைகளில் காத்திருந்தன; அவற்றுக்கு நேசபாய் நாள்தோறும் நீர் ஊற்றினார். ஜூலை இறுதியில் முட்டத்து வள்ளக்காரர் ஒருவர் கலப்பத்து வேலைக்கு அழைத்தார், ததேயுஸ் போனார். அந்த வள்ளம் கடலுக்குப் போய்த் திரும்பிய செய்தியைப் பிலோமினா வந்து சொன்ன அன்று மாலை, ஷைஜா மூன்று பெட்டிகளின் அடியிலும் துளையிட்டாள். பெட்டிகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டவர் நேசபாய்.