ஒரு ராத்திரித் தூரம்

"ஏரோப்பிளேன்ல வந்தீங்களாமே அம்மா. பயமா இல்லியா?"

கொல்லையில் நெல் புடைத்துக்கொண்டே எல்லையம்மாள் கேட்டாள்.

அவளாக வாய் திறந்து பேசி மாதக்கணக்காகிறது. அவள் புருஷன் ராசுவை வாய்க்கால் மதகடியில் வெட்டிப் போட்டதிலிருந்து முறத்தின் சத்தம்தான் அவளுடைய சத்தம்.

ராசு சங்கத்துக்காரன். அறுப்புக்குக் கூலி உயர்த்திக் கேட்டவன். ஊர் முழுக்க என் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டது.

ஆனால் அன்று மத்தியானம் அவர் மெட்ராஸில் இருந்தார். நில உச்சவரம்பு விஷயமாகக் கோட்டை வராந்தாவில் நின்றவரைப் பார்த்தவர்கள் பலர். ராசு செத்தது விளக்கு வைக்கும் நேரம். போலீஸ்காரர்கள் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மெட்ராஸ் எங்களுக்கு ஒரு ராத்திரித் தூரம். பொழுது சாய ரயில் ஏறினால் விடிந்துதான் இறங்க வேண்டும். வேறு கணக்கு இங்கே யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பியதே நான்தான்.

அந்த ஒரு ராத்திரியின் மேல் தலை வைத்துத்தான் இத்தனை நாளும் தூங்கினேன்.

"பயமென்ன பயம்," என்றேன். அவள் பேசியதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "காதை அடைக்கும், அவ்வளவுதான். ஒரு பொண்ணு மிட்டாய் கொடுத்தா. கொஞ்ச நேரத்துல திருச்சி வந்துடுச்சு."

"மெட்ராஸ்லேந்தா?"

"ஆமா, ஒரு மணி நேரம்தான். திருச்சிலேந்து கார்ல வர்றதுக்குத்தான் மூணு மணி நேரம். இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன்.

முறம் நின்றிருந்தது.

"அப்ப மத்தியானச் சோத்தை அங்க தின்னுட்டு ஏறினா," என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "விளக்கு வைக்கிறதுக்குள்ள இங்க வந்துடலாம்."

என்னைக் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே ரேடியோ நின்றது.

"யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

"ஒண்ணுமில்லீங்க." யோசிப்பதற்குள் என் வாய் அதைச் சொல்லிவிட்டது.

எல்லையம்மாள் முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொல்லைப் படலைத் திறந்துகொண்டு போனாள். தெருப்பக்கம் திரும்பாமல் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அவர் நிலைப்படிக்கு வந்து என் பின்னால் நின்றார்.

"கூலி வாங்காம எங்க போறா அவ?"

திரும்பி அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன வாரம் மெட்ராஸ் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, விமானத்தில்தான் வர வேண்டுமென்று நச்சரித்தது நான். தனக்கும் இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இடுப்புப் பட்டையின் கொக்கி எனக்குப் பிடிபடவில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, ஒற்றைக் கையால் அதை மாட்டிவிட்டார்.