சுவருக்கு அந்தப் பக்கம்

"மாமா! மோட்டாரை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

குரல்காரர் சுவரில் ஓங்கித் தட்டினார்.

புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவர் தொழில். அதற்காக வீட்டிலேயே ஓர் அறை. ஜன்னலுக்குக் கம்பளி, கதவுக்குப் பழைய மெத்தை. எறும்பு நடந்தாலும் தன் காதுக்குக் கேட்கும் என்பார். அடுத்தவர் வந்து பாராட்டட்டும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் அறை. மாமியார் போனபிறகு ஒரு துணிப்பையும் ஒரு மீன் தொட்டியுமாக மகள் வீட்டுக்கு வந்தவர். தொட்டி மாமியார் ஆசையாக வைத்திருந்தது. ஆறு மீன்கள், தண்ணீரில் காற்று விட ஒரு குட்டி மோட்டார். பகல் முழுக்க அந்த ஆறு பேரிடமும்தான் அவருக்குப் பேச்சு.

"நிறுத்தித்தான் வச்சிருக்கேன் மாப்பிள்ளை."

"அப்புறம் எப்படி ங்ஙொய்ன்னு கேட்குது?"

நேரில் பார்த்துவிடுவது என்று எழுந்தார். எழுந்தால் அறையிலிருக்கும் கருவிகளை எல்லாம் ஒரே சுவிட்சில் அணைத்துவிட்டுத்தான் எழுவார். அதில் ரொம்பக் கறார்.

மாமனாரின் அறைக் கதவைத் திறந்தார். சத்தம் இல்லை. மாமனார் கையில் பிடுங்கிய பிளக்கோடு நின்றிருந்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "என் காலடி கேட்டதும் நிறுத்திட்டாரு."

"அப்பா பொய் சொல்ல மாட்டாருங்க."

"அப்போ என் காது பொய் சொல்லுதா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வாரமே பதிப்பகத்திலிருந்து போன். "சார், கதாநாயகி சாகிற கட்டத்துல பின்னாடி ஒரு வண்டு கத்துது. முழுசா மறுபடி வாசிச்சிடுங்க."

பன்னிரண்டு மணி நேர வாசிப்பு. குரல்காரருக்குக் கோபம் தலைக்கேறியது.

"மாமா, இங்க வாங்க! வந்து நீங்களே கேளுங்க!"

மாமனார் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நாற்பது வருடம் மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிப் பிழைத்தவர். ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தார். கை மெல்ல நகர்ந்து, சுவரோடு அடித்திருந்த பலகைக்குப் போயிற்று. பலகையில் மைக்குக்கு மின்சாரம் தரும் கறுப்புப் பெட்டி. அதை ஒரு தடவை பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது வந்து..."

"சத்தத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காதீங்க மாமா! இருபது வருஷமா காதை வச்சுச் சோறு தின்கிறவன் நான். உங்க தொட்டிதான். பதிப்பகத்துக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன்."

மாமனார் மகளைப் பார்த்தார். அவள் வாசலில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தொட்டிதான் மாப்பிள்ளை," என்றார். "மோட்டார் பழசு."

மறுநாள் ஆறு மீன்களும் தொட்டியோடு தெருமுனைப் பல் டாக்டரின் வரவேற்பறைக்குப் போயின. அதற்கடுத்த நாள் மாமனாரும் துணிப்பையை எடுத்தார்.

"தம்பி ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்," என்றார். செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்து, "இனிமே அந்தச் சத்தம் வராது மாப்பிள்ளை," என்றார்.

வரவும் இல்லை. அறை கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. குரல்காரர் பார்த்தவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். "என் காது சொன்னா சொன்னதுதான்!" மனைவி மட்டும் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு காலை, புதுப் புத்தகத்தின் முதல் பக்கம்.

ங்ஙொய்...

குரல்காரர் பாதி வாக்கியத்தில் நின்றார். ஹெட்போனைக் கழற்றினார். அப்போதும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மனைவி கதவருகே வந்து நின்றாள். "இப்போ யாருங்க மோட்டார் போட்டிருக்கா?"

அவர் இந்தத் தடவை எதையும் அணைக்காமல் எழுந்தார். சுவரில் கை வைத்தார். கை பலகைக்குப் போயிற்று. கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார்.

சத்தம் நின்றது.

பலகையில் நான்கு மூலைக்கும் நான்கு நீல ரப்பர் துண்டுகள். கத்தரிக்கோலால் ஒரே அளவாக வெட்டியவை. பெட்டியின் சூட்டில் பொடிந்து உதிர ஆரம்பித்திருந்தன.

மனைவி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா மீன் தொட்டிக்கு அடியில போட்டிருந்த ரப்பர் இது."

குரல்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். மேல்மூச்சு வாங்கிய அந்த ஆறு மீன்கள்தான் கண்ணுக்குள் வந்தன. எட்டு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நினைக்க அவமானமாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மாமாவைப் பேச விட்டிருக்கலாம்.

போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக அழுத்தினார். எடுத்தது மாமனார்தான்.

"மாமா..."

அதற்கு மேல் குரல்காரருக்குக் குரல் வரவில்லை.

அந்தப் பக்கம் மாமனார் மெதுவாகக் கேட்டார்:

"ரப்பர் இத்துப் போச்சா மாப்பிள்ளை?"