கமோடைத் திருப்பி வை

"உடைச்சிடு தம்பி" என்றாள் பாக்கியம்.

மேசன் ரவிகுமாரின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது. கட்டுகஸ்தோட்டையில் அவன் கை வைக்காத பாத்ரூம் குறைவு. உடையாத கமோடைப் பெயர்க்கச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"அக்கா, நல்லாத்தானே இருக்கு? ஆத்தைப் பார்த்து ஜம்முனு உட்கார்ந்திருக்கு. இதைத் திருப்பினா தரையை உடைக்கணும், பைப்பை மாத்தணும். இருக்கிற காசுல பாதி அதுக்கே போயிடும்."

"போகட்டும்."

"வாஸ்துவா?"

"அப்படியே வச்சுக்க."

சுத்தியல் இறங்கியது.

சனிக்கிழமை நிரோஷன் வருகிறான். அவளுடைய ஒரே மகன். கல்யாணம் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவன், இரண்டு வருடம் கழித்து, முதல் தடவையாக மனைவியோடு வருகிறான்.

போனிலேயே சொல்லிவிட்டான். மத்தியானம் வந்து, பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவார்களாம். இராத்தங்க மனைவிக்கு வசதிப்படாதாம்.

பாக்கியம் காரணம் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு இரவு.

சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் விருந்தாளிகள். காலையில் பிரஷ்ஷோடு பாத்ரூம் வாசலில் முறை பார்த்து நிற்கிறவர்கள்தான் வீட்டு ஆட்கள். இந்தத் தடவை விட்டால் மகன் விருந்தாளியாகவே போய்விடுவான்.

முன்னறைக் கதிரையில், பேப்பருக்குப் பின்னால், அவள் புருஷன் கறுப்பையா. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மகனின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை.

"சோறு தின்ன வர்றவங்களுக்கு எதுக்குடி அரண்மனை?"

"கிழமைக்கு ரெண்டு நாள் குளிக்கிறவருக்கு பாத்ரூமைப் பத்தி என்ன தெரியும்?"

பேப்பர் முகத்துக்கு இன்னும் கிட்டப் போனது.

பாதிக் காசு தரைக்குள் போய்ப் புதைந்தது. மீதியை வைத்துக்கொண்டு பாக்கியம் போர் தொடுத்தாள்.

கடையில் விலை போகாமல் மிஞ்சிய டைல்ஸ் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் அதைச் செய்தவனே பெயர் வைக்கப் பயந்த ஒரு நிறம். மூன்றையும் கலந்து பதிக்கச் சொன்னாள். பதித்து முடித்த ரவிகுமார் எட்ட நின்று பார்த்துவிட்டு, தன் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

இடுப்புக்கு மேலே டைல்ஸ் கிடையாது. பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்த சுவரைச் சுரண்டி, அவளே பெயின்ட் அடித்தாள். பழைய பேசினை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தே புதிதாக்கினாள். ஜன்னல் திட்டில் ஒரு ஜேம் போத்தல், அதில் மணி பிளான்ட்.

கண்ணாடி வாங்கக் காசில்லை. அலுமாரிக் கதவில் இருந்ததைக் கழற்றி மாட்டினாள். கறுப்பையா அன்றிலிருந்து வெறும் பலகையைப் பார்த்துத் தலை வாரினார்.

கடைசியாக ஒரு வேலை. சுவரோரம், முழங்கால் உயரத்தில், தனியாக ஒரு பைப். அதற்கு எதிரே உட்கார ஒரு சின்னக் கட்டு.

"கால் கழுவவா? என்னக்கா, புட்போல் டீமா வருது?"

"ஒருத்திதான் வர்றா."

"ஒருத்திக்கா இவ்வளவும்?"

"அந்த ஒருத்தி தங்கினா, அவனும் தங்குவான். பூசுப்பா."

சனிக்கிழமை.

வந்தார்கள். மரக்கறிச் சோறு சாப்பிட்டார்கள். "அப்பா" என்றான் நிரோஷன். பேப்பர் அசையவில்லை. மருமகள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள், எதற்கும் பேசவில்லை. அவர்கள் கொண்டுவந்த பை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை உள்ளே எடுத்து வைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு மருமகள் பாத்ரூமுக்குள் போனாள்.

பாக்கியம் அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

சத்தமே இல்லை. அப்புறம் பேசின் குழாய். அப்புறம், கீழே இருக்கும் பைப்.

கதவு திறந்தது. முகம், முழங்கை, பாதம் எல்லாம் ஈரம். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் கண்ணும் ஈரம்தான்.

"மாமி, அஸர் தொழோணும். எந்தப் பக்கம்?"

ரிஸ்னா. இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது.

தொழுகிற திசையைப் பார்த்தோ, அதற்கு முதுகு காட்டியோ ரிஸ்னா கமோடில் உட்காரமாட்டாள் என்பதை பாக்கியம் எப்போதோ விசாரித்து வைத்திருந்தாள். அந்தத் திசை ஆற்றுப் பக்கம் என்பதையும்தான்.

காட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

முன்னறையில் கதிரை நகர்ந்தது. கறுப்பையா எழுந்து நின்றார்.

"ஆத்துப் பக்கம்மா. ஆனா நேரா இல்ல. கொஞ்சம் வலது கைப் பக்கமாத் திரும்பணும்."

தூக்கிய கை அந்தரத்தில் நிற்க, பாக்கியம் புருஷனைப் பார்த்தாள். அந்தக் 'கொஞ்சம்' அவளுக்கே தெரியாது. யாரிடம் கேட்டார்? எப்போது கேட்டார்?

அவர் மகன் பக்கம் திரும்பவேயில்லை. மருமகளிடம்தான் சொன்னார்.

"விடியக்காலைத் தொழுகைக்கும் அதே பக்கந்தான்."