எதிர்பாராச் செலவு

சுரங்க ரயில் திட்ட மதிப்பீட்டின் கடைசித் தாளில் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. 'எதிர்பாராச் செலவு' என்று அவள் பென்சிலால் எழுதியிருக்கும் வரியைத் தலைமைப் பொறியாளர் விரலால் தட்டுகிறார். "இதை எடுத்துடும்மா. இவ்வளவு தொகையைப் பார்த்தா மேல ஒருத்தரும் ஒப்புதல் தரமாட்டாங்க." "சுரங்கம் போற வழியெல்லாம் சேறு சார். இது எதிர்பார்த்த செலவுதான்." "அப்புறம் ஏம்மா அதுக்கு இப்படிப் பேரு வச்சே?" என்று சிரிக்கிறார். "முதல்ல தோண்டட்டும். பாதியில யாரு நிறுத்தப் போறா?" ஜன்னலுக்கு வெளியே, பத்து வருடங்களுக்கு முன் இதே பேச்சைக் கேட்டு அவள் தொகையைக் குறைத்துக் கையெழுத்திட்ட ரயில் பாலத்தின் தூண்கள், உச்சியில் துருப்பிடித்த கம்பிகளோடு வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் மேல் முளைத்த செடி மரமாகிவிட்டது. அதில் ஒரு காகம் கூடு கட்டுகிறது. அவள் அந்த வரியை அழிக்கிறாள். ரப்பர் துகள்களை அவரே ஊதிவிட்டு, மூடியைக் கழற்றித் தன் பேனாவை நீட்டுகிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள்.