சந்திரமௌலி வீட்டில் முட்டை

"முட்டையா? இந்த ஆத்துலயா? நீங்களா சொல்றேள்?"

வத்சலா கரண்டியை மேஜைமேல் 'டங்'கென்று போட்டாள்.

"கத்தாதேடி, கீழே கேக்கப்போறது" என்றான் சந்திரமௌலி. "ஒரே ஒரு நாள்தானே? என் புரொபசரோட ஒய்ஃப் அமெரிக்காவுல ஜார்ஜியாக்காரி. ஈஸ்டருக்கு அவா ஊர்ல வாழைப்பழமும் அன்னாசியும் போட்டு மூணு அடுக்குக் கேக் பண்ணுவாளாம். இந்த ஹனோவர்ல அது கிடைக்கலேன்னு ஏங்கறா. நாளைக்கு டின்னருக்கு வரச்சே நாம அதைப் பண்ணி வெச்சா..."

"உங்க வேலை நீடிக்கும். அதுக்கு நான் முட்டை உடைக்கணும்!"

"நாமளா திங்கப்போறோம்? கெஸ்ட்டுக்குத்தானே?"

வந்ததே கோபம் வத்சலாவுக்கு!

"எங்கப்பாகிட்ட என்ன சத்தியம் பண்ணி என்னைக் கட்டிண்டேள்? ஜெர்மனிக்குப் போனாலும் முட்டையைத் தொடமாட்டேன், உங்க பொண்ணையும் தொட விடமாட்டேன்னு சொல்லலே? மூணு வருஷமா ஒரு பிஸ்கட் வாங்க விட்டேளா? பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டுக் கடையிலயே வெச்சுட்டு வந்தேளே! போன குளிர்ல உடம்புல ரத்தமே இல்லாம மயங்கி விழுந்தேன். தினம் ஒரு முட்டை குடுங்கோன்னார் டாக்டர். என்ன பதில் சொன்னேள்?"

"இப்ப எதுக்கு அந்தப் பழங்கதை?"

"உயிரே போனாலும் ஆசாரம் போகப்படாதுன்னேள். யார் உயிர்? என் உயிர்!"

"நான் மட்டும் என்ன விருந்தா சாப்பிடறேன்? நானும்தானே உன்னோட சேர்ந்து பல்லைக் கடிச்சுண்டு இருக்கேன்? முட்டை உருண்டையா சதுரமான்னுகூட எனக்குத் தெரியாது!" அவனும் எகிறினான். "இது புரொபசர் விஷயம். பண்ணித்தான் ஆகணும். அவ்வளவுதான்!"

கதவைப் படாரென்று சாத்திவிட்டு லேபுக்குப் போய்விட்டான். பெரிய மனுஷன்!

சாயங்காலம் அவன் திரும்பியபோது வத்சலா சமையலறையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மாவு கரைத்த பாத்திரம். அதன் பக்கத்தில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக முட்டை ஓடுகள். ஈஸ்டருக்காகச் சாயம் பூசிய முட்டைகள்.

"ஏது இதெல்லாம்?"

"கீழாத்து ஜெர்மன் மாமி, ஃப்ராவ் பிராண்ட் குடுத்தா."

பாத்திரத்தை எட்டிப் பார்த்தவன் அலறினான். மாவில் வெள்ளையும் மஞ்சளுமாகத் துண்டு துண்டாய் முட்டை மிதந்தது.

"அடிப்பாவி! இது வேகவெச்ச முட்டைடி! ஈஸ்டருக்குச் சாயம் பூசறதெல்லாம் வேகவெச்சதுதான்! கேக்குக்குப் பச்சை முட்டைன்னா வேணும்? கடையெல்லாம் மூடிட்டான், இனிமே எங்கே போவேன்? நாளைக்குப் புரொபசர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? என் பொழப்பையே கெடுத்துட்டியே!"

"எனக்கு என்ன தெரியும்? முட்டைதானேன்னு போட்டேன்."

"முட்டைதானேவா? இதோ பார், மஞ்சக்கரு கல்லு மாதிரி வெந்திருக்கு! இதை உப்பும் மிளகும் தூவினாக்கூட வாய்ல வெக்க முடியாதேடி! தொண்டையை அடைக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

வத்சலா எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்க புரொபசர் கேக்குக்கு ஒண்ணும் ஆகலை. ஃப்ராவ் பிராண்ட் பச்சை முட்டையை உடைச்சுக் குடுத்து, அவாத்து ஓவன்லயே மூணு அடுக்கும் நன்னா வெந்து, கீழே ஆறிண்டிருக்கு. இந்தப் பாத்திரம் உங்களுக்குன்னே கரைச்சது."

"எ... எனக்கா? எதுக்கு?"

"இந்தச் சாய முட்டையை அந்தம்மா நேத்தே எனக்குக் குடுத்தா. குடுக்கறச்சே சிரிச்சுண்டே சொன்னா: 'இதெல்லாம் உனக்கு மட்டும். உன் ஆத்துக்காரருக்கு ஆகாது. தினம் காலம்பற லேபுக்குப் போறச்சே என்கிட்ட சாப்பிட்டுட்டுப் போறாரே, அவருக்கு மஞ்சக்கரு குழைய இருந்தாத்தான் இறங்கும்!'"